அந்த இரண்டாவது காப்பி எங்கே?

கார்பன் பேப்பர் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? நீலத்திலோ கறுப்பிலோ இருக்கும். தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும். ரசீது புத்தகத்தில் இரண்டு தாளுக்கு நடுவே அதைச் செருகி, பால்பாயின்ட் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதுவார்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று கம்பெனிக்கு. 1806-ல் ரால்ஃப் வெட்ஜ்வுட் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம் அது. இரண்டு நூற்றாண்டு கொடிகட்டிப் பறந்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கடையைக் கட்டிவிட்டது.

போனால் போகட்டும், கை அழுக்காவதாவது மிச்சம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அது தனியாகப் போகவில்லை. கூடவே இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

தர்மபுரி கிராமங்களிலிருந்து ஓசூர் பக்கம் ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்களைப் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டில் ஒரு மெஷின். விரலை வை, அல்லது முகத்தைக் காட்டு. உள்ளே போனால் லைனில் ஒரு டேப்லெட். முன்பு அட்டையில் கிளிப் போட்டுத் தொங்கிய செக் ஷீட், ஷிஃப்ட் லாக் புக், கேட் பாஸ், ஓ.டி. சீட்டு... ஒவ்வொன்றாகத் திரைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. வேலை சுலபம், மரம் மிச்சம், கணக்கு சுத்தம். எல்லாம் சரிதான். ஆனால், அந்தக் கணக்கு யாருடைய கையில் இருக்கிறது? இந்தக் கேள்வி புதுசு இல்லை. தர்மபுரி மண்ணில் இதற்கு 200 வருஷத்துக்கும் மேல் வயசு!

1792. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட, அவர் ராஜ்ஜியத்தின் ஒரு பெரிய துண்டு கிழக்கிந்தியக் கம்பெனி வசம் வந்தது. அதில் ஒன்று பாரமகால். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அதில் அடக்கம். நிர்வாகம் செய்ய கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் வந்தார். கூடவே உதவிக்கு மூன்று ராணுவ அதிகாரிகள். அவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஆமாம், சென்னைத் தீவுத்திடல் அருகே சேணமில்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். கவர்னராவதற்குப் பல வருஷம் முன்பு தர்மபுரியில் தோட்டம் போட்டு வாழ்ந்த மனிதர்.

அதுவரை நிலக் கணக்கு ஊர்க் கணக்கப்பிள்ளையின் ஓலைக்கட்டில் இருந்தது. அவர் படித்துச் சொன்னால்தான் உண்டு. உழுகிறவனுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. ரீடும் அவருடைய ஆட்களும் ஊர் ஊராக அளந்தார்கள். இன்ன நிலம், இவ்வளவு தீர்வை என்று எழுதி, ரயத்தின் பெயருக்கே பட்டா கொடுக்கும் முறையை வளர்த்தார்கள். ரயத்துவாரி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான். கம்பெனிக்காரன் தர்மத்துக்காகச் செய்யவில்லை. வரி வசூலில் நடுவிலிருப்பவன் சுருட்டக்கூடாது என்பது அவன் கவலை. தீர்வையும் ஒன்றும் குறைவில்லை. ஆனாலும் ஒரு விஷயம் நடந்தது: கணக்கின் ஒரு பிரதி, கணக்கில் இருப்பவன் கைக்கே வந்தது. 'என்கிட்ட பட்டா இருக்கு' என்று இன்றைக்கும் நம் ஊரில் ஒருவர் சொல்லும்போது குரலில் ஒரு தெம்பு வருகிறதே, அது அங்கே ஆரம்பித்தது.

நிலம் இருந்தவனுக்குப் பட்டா வந்தது. உழைப்பை மட்டும் வைத்திருந்தவனுக்கு?

அதற்கு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மில்களுக்குப் போகவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பம். சூரியனைப் பார்த்து வேலை செய்தவர்கள் மணியைப் பார்த்து வேலை செய்யத் தொடங்கிய காலம். மணியைக் காட்டும் கடிகாரமோ முதலாளியின் கடிகாரம். டண்டீ நகர மில்களைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதியவர்கள் ஒரு வேடிக்கையைச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பார்களாம், சாயங்காலம் பின்னால் இழுத்து வைப்பார்களாம். அதனால், சொந்தமாகக் கடிகாரம் வைத்திருந்த தொழிலாளியைக் கண்டால் ஆகாது. நேரம் தெரிந்தவன் ஆபத்தானவன் என்று வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களாம். வாட்ச் வைத்திருந்தது ஒரு குற்றம்! இதை ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தர்மபுரி மாவட்டத்திலேயே ஒரு வாட்ச் ஃபேக்டரி வரப்போகிறது.

இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தும். குழந்தைக்கு ஏழு வயசு ஆகியிருந்தால் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது, இல்லையா? பெரியவர்களுக்கு இத்தனை மணி நேரம்தான் என்ற கட்டுப்பாடே அதில் கிடையாது. சென்னை பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் பி.பி.வாடியாவையும் திரு.வி.க.வையும் கூட்டிக்கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தபோது அவர்களுடைய பெரிய குறைகளில் ஒன்று, அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை. கை கழுவி, சாப்பிட்டு, கேட்டுக்குத் திரும்பி ஓடிவர அது போதவில்லை. நிமிஷக் கணக்குதான் சண்டை. அந்த நிமிஷங்களை எழுதிவைப்பது யார் என்பது சண்டைக்குள் இருந்த சண்டை.

இதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு சுவாரஸ்யம். நியூயார்க் மாநிலம் ஆபர்ன் ஊரில் வில்லார்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர், 1888-ல் ஒரு மெஷின் செய்தார். தொழிலாளி தன் சாவியைச் செருகித் திருப்பினால் அவன் நம்பரும் நேரமும் காகிதத்தில் அச்சாகும். 'கார்டு பஞ்ச் பண்ணிட்டேன்' என்று நம் ஊர் ஃபேக்டரிகளில் சொன்னார்களே, அந்தப் பஞ்சிங் மெஷினின் தாத்தா இதுதான். பண்டியின் நிறுவனம், கடைத்தராசு செய்த ஒரு நிறுவனம், துளைபோட்ட அட்டைகளை வைத்து 1890 அமெரிக்க சென்சஸை எண்ணிக்கொடுத்த ஹெர்மன் ஹோலரித்தின் நிறுவனம் உட்படச் சிலவற்றை 1911-ல் ஒன்றாகச் சேர்த்தார்கள். 1924-ல் அந்தக் கூட்டுக்குப் பெயர் மாற்றினார்கள். புதுப் பெயர் ஐ.பி.எம்.!

ஆக, உலகத்துக்குக் கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியின் பூர்வீகம் எது? தொழிலாளி எத்தனை மணிக்கு வந்தான், சரக்கு எவ்வளவு எடை, மொத்தம் எத்தனை தலை. இந்த மூன்று கணக்கும்தான். 'டிஜிட்டல் வந்து தொழிற்சாலையை மாற்றிவிட்டது' என்கிறார்கள். தொழிற்சாலைக் கணக்குதான் டிஜிட்டலையே பெற்றது என்று சொன்னாலும் தப்பில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானது. அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் இதற்குள்தான். 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் போனது. எனவே, ஓசூரின் பெரிய கதை முழுக்க தர்மபுரி மாவட்டத்துக் கதை. மானாவாரி ராகியும் புளியமரமும் பஞ்சமுமாக இருந்த சீமையில் சிப்காட் வந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்காரும் முதல் இந்திய மொபெட். பால் கேன், வாழைத்தார், பொண்டாட்டி, பிள்ளைகள் என்று எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பது வேறு விஷயம். அசோக் லேலண்ட் வந்தது. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் வந்தது. கிராமத்துப் பிள்ளைகள் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வாட்ச் கோத்தார்கள். டண்டீயில் வாட்ச் வைத்திருந்தால் வேலை போகும், ஓசூரில் வாட்ச் செய்வதே வேலை. சரித்திரத்துக்கு இந்த மாதிரிக் குறும்பெல்லாம் உண்டு.

அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த மந்திர எண் ஒன்று உண்டு. 480. தமிழ்நாடு அரசு 1981-ல் கொண்டுவந்த நிரந்தரத் தகுதிச் சட்டம் சொன்னது இது: ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் தொடர்ச்சியாக 480 நாள் வேலை செய்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும். தற்காலிகம், கேஷுவல், பதிலி எல்லாம் இதற்குள் வரும். வேறு பல மாநிலங்களில் இல்லாத பாதுகாப்பு. 'நானூத்தி எம்பது முடிச்சிட்டியா?' என்பது கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் இடத்தில்கூடக் கேட்கத் தகுந்த கேள்வி. மத்திய அரசின் 1947 தொழில் தகராறு சட்டத்தில் இன்னொரு எண்: 12 மாதத்தில் 240 நாள். அதைத் தாண்டியவரை நினைத்தபடி வீட்டுக்கு அனுப்ப முடியாது. நோட்டீஸ், நஷ்டஈடு என்று வழிமுறை இருந்தது.

இப்போது நீங்களே அந்தத் தொழிலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 479-வது நாளில் 'நாளையிலேர்ந்து வர வேண்டாம்' என்கிறார்கள். நீங்கள் 'நான் 510 நாள் வந்திருக்கேன்' என்கிறீர்கள். நிரூபியுங்கள்!

எப்படி நிரூபிப்பீர்கள்? மஸ்டர் ரோல் கம்பெனியில் இருக்கிறது. சம்பளப் பதிவேடு கம்பெனியில் இருக்கிறது. நீங்கள் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட வவுச்சரும் கம்பெனியில் இருக்கிறது. உங்கள் கையெழுத்து அத்தனையும் அவர்கள் அலமாரியில்; உங்கள் கையில் ஒன்றுமில்லை. 2002-ல் கர்நாடக வனத்துறையில் வேலை செய்த ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது: 240 நாள் வேலை செய்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது. அவரே கொடுக்கும் பிரமாணப் பத்திரம் மட்டும் போதாது. எத்தனையோ பேருடைய கேஸ் அந்த ஒரு வரியில் அடிபட்டுப்போனது.

மூன்று வருஷம் கழித்து, 2005-ல் எல்லட்டி வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் நடைமுறையைக் கொஞ்சம் இறங்கி வந்து பார்த்தது. பொறுப்பு தொழிலாளியுடையதுதான், சரி. ஆனால், தினக்கூலிக்கு யார் வேலை உத்தரவு கொடுக்கிறார்கள், யார் ரசீது கொடுக்கிறார்கள்? அவர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லலாம். மஸ்டர் ரோலையும் சம்பளப் பதிவேட்டையும் முதலாளி கொண்டுவரட்டும் என்று கேட்கலாம். கேட்டும் கொண்டுவராததே போதும், ஜெயித்துவிட்டார் என்று ஆகிவிடாது. ஆனால், கேட்கிற வழி திறந்தது. ஒரு மனிதன் இரண்டு வருஷம் உழைத்தானா இல்லையா என்ற கேள்வி, கடைசியில் ஒரு நோட்டு எந்த பீரோவில் இருக்கிறது என்ற கேள்வியாகச் சுருங்கியதைக் கவனித்தீர்களா?

இதே மஸ்டர் ரோலுக்காக ராஜஸ்தானில் ஒரு போராட்டமே நடந்தது. அங்கே தொழிற்சாலை இல்லை, அரசு ரோடு வேலை. வராத ஆள் பெயரில் கூலி எழுதினார்கள், வந்த ஆளுக்குக் குறைத்து எழுதினார்கள். 'எங்க பெயர் இருக்கிற பேப்பரோட காப்பி எங்களுக்குக் கொடு' என்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் அமைப்பினர் 1996-ல் பியாவர் ஊரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். கூலியை உயர்த்து என்று கேட்கவில்லை. காப்பி கேட்டார்கள், அவ்வளவுதான்! அந்தக் குரல்தான் வளர்ந்து 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக நின்றது. நம் தமிழ்நாடு 1997-லேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டைகள் நிறைய உள்ள சட்டம்தான், ஆனாலும் முந்திக்கொண்டோம்.

பேப்பர் என்னவோ அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்சாலைப் பேப்பரைப் போலப் பொய் சொல்ல ஆளே கிடையாது. இன்ஸ்பெக்டருக்கு ஒரு நோட்டு, முதலாளிக்கு ஒரு நோட்டு என்பது ஊரறிந்த ரகசியம். 1987-ல் ஐ.எஸ்.ஓ. 9000 தரச் சான்றிதழ் முறை வந்தது. தொண்ணூறுகளில் நம் கம்பெனிகளெல்லாம் அதற்கு அலைபாய்ந்தன. 'செய்வதை எழுது, எழுதியதைச் செய்' என்றார்கள். விளைவு, பேப்பர் வெள்ளம். ஒரு போல்ட் முடுக்க ஒரு படிவம். மணிக்கு ஒரு தரம் மெஷினின் சூட்டையும் அழுத்தத்தையும் பார்த்து எழுத வேண்டும். எழுதினார்களா? ஷிஃப்ட் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது எட்டுக் கட்டத்தையும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே எண்ணை லேசாக ஏற்றி இறக்கி நிரப்பிய கைகள் ஏராளம். ஆடிட்டருக்கும் தெரியும். ஒரே மை, ஒரே அவசரம்!

எல்லோரும் அப்படியில்லை என்பதற்கும் நம் பக்கமே சாட்சி உண்டு. சுந்தரம் கிளேட்டன் 1998-லும், டி.வி.எஸ். மோட்டார் 2002-லும் ஜப்பானின் டெமிங் விருதை வாங்கின. அந்தத் தரமுறையின் உயிர்நாடி, லைனில் நிற்பவர் தன் கையால் குறித்துவைக்கும் சாதாரண செக் ஷீட்டுதான். தவறு எங்கே வருகிறது என்று முதலில் பார்ப்பவர் அவர்தானே.

டேப்லெட் இந்த விளையாட்டை ஓரளவு நிறுத்தியது. பத்து மணிப் பதிவைப் பத்து மணிக்குத்தான் போட முடியும். பன்னிரண்டுக்குப் போட்டால் பன்னிரண்டு என்றே விழும். போட்டோ கேட்கும். சென்சார் தானாகவே சூட்டை எழுதிக்கொள்ளும். எந்தப் பாகம், எந்த மெஷின், எந்த ஆள் என்று இரண்டு நிமிஷத்தில் தேடி எடுக்கலாம். பழைய முறையில் கோணிப்பையில் கட்டிப்போட்ட பதிவேட்டில் கரையான் சாப்பிட்டது போகத்தான் தேட முடியும். இதெல்லாம் நிஜமான லாபம். மறுக்கவே மாட்டேன்.

ஆனால், பேப்பரில் ஓரம் என்று ஒன்று இருந்தது. மார்ஜின். கட்டத்துக்குள் அடங்காத விஷயத்தை லைன்மேன் அங்கே கிறுக்குவார். 'மூணாவது ஸ்பிண்டில் சத்தம் போடுது', 'ஆயில் வாடை வருது, மெயின்டனன்ஸ்கிட்ட சொல்லியாச்சு'. திரையில் ஓரம் கிடையாது. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் மட்டும் உண்டு. எண் போடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. திறப்பதற்காக ஏதோ ஓர் எண்ணைத் தட்டிவிட்டுப் போவது என்பது பழைய ஒரே பேனா வித்தையின் புது அவதாரம்.

பேப்பரில் இன்னொன்றும் இருந்தது. அடித்தால் தெரியும். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு அந்த ராத்திரி ஷிஃப்ட்டின் லாக் பதிவுகளை வைத்துத்தான் எத்தனை வாதம்! விபத்தை மறைக்கப் பதிவுகளைப் பின்னால் திருத்தியிருக்கிறார்கள் என்று 1988-ல் யூனியன் கார்பைடு அமர்த்திய ஆலோசகர்கள் அறிக்கை விட்டார்கள். தொழிலாளர் தரப்பு அதை ஏற்கவே இல்லை. யார் சொன்னது சரி என்பது ஒரு பக்கம். சண்டை போடவாவது ஒரு காகிதம் இருந்தது. திரையில் 480-ஐ 470 ஆக்கினால் கீறல் விழாது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று கணினி தன்னைத் தானே வேவு பார்த்து எழுதிவைத்தால்தான் தெரியும். மருந்துத் தொழிற்சாலைகளின் மின்னணுப் பதிவுகளில் இந்தத் தடம் இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கா 1997-லேயே விதி போட்டது. நம் நாட்டில் கம்பெனிகளின் வரவு செலவு மென்பொருளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இந்தத் தடம் கட்டாயம். பணத்தைத் திருத்தினால் தடம் விழும். ஆளின் நாளைத் திருத்தினால்? அங்கே மட்டும் ஏன் இந்த அவசரம் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

'கம்ப்யூட்டர் பொய் சொல்லாது' என்பவர்கள் பிரிட்டிஷ் தபால் துறையின் கதையைக் கேட்க வேண்டும். அங்கே சின்னச் சின்னக் கிளைத் தபால் நிலையங்களைத் தனிநபர்கள் நடத்துவார்கள். அதுவரை பேப்பரில் கணக்கு எழுதியவர்களுக்கு 1999 முதல் ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் முறையைக் கொடுத்தார்கள். ராத்திரி கணக்கு முடித்தால் பணம் குறைகிறது என்றது மெஷின். எங்கே தப்பு என்று பார்க்க அவர்களிடம் சொந்தக் கணக்கு இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியும் இல்லை. திருட்டு, மோசடி என்று 900 பேருக்கு மேல் குற்றவாளிகளானார்கள். சிலர் ஜெயிலுக்குப் போனார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். கோளாறு மென்பொருளில் என்று 2019-ல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது. மொத்தமாகத் தண்டனைகளை ரத்து செய்ய பார்லிமென்ட் 2024-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அந்தக் கிளைக்காரர்களிடம் எது இல்லாமல் போயிற்று என்று யோசித்துப் பாருங்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கீழ்த்தாள்தான்.

தர்மபுரி விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். பாலக்கோட்டில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை, கோபாலபுரத்தில் இன்னொன்று. பாப்பாரப்பட்டியில் 1925-ல் கண்மூடிய தியாகி சுப்பிரமணிய சிவாவின் பெயர் தாங்கிய ஆலை அது. கரும்பு லாரியோ டிராக்டரோ எடை மேடையில் ஏறி இறங்கியதும் எடைச் சீட்டைக் கையில் வாங்காமல் எவராவது நகர்வாரா? பணம் எப்போது வருமோ, அதுவரை அந்தச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் பத்திரம்.

டிஜிட்டலால் அந்தச் சீட்டைக் கொடுக்க முடியாதா? பிரமாதமாக முடியும். பி.எஃப். விஷயத்தையே பாருங்கள். பழைய காலத்தில் வருஷத்துக்கு ஒரு சீட்டு, அதுவும் கம்பெனி வழியாக வரும், வந்தால். கம்பெனி மாறினால் கணக்கு நம்பர் மாறும், பழைய பணம் அந்தரத்தில் தொங்கும். பிடித்த பணத்தைக் கட்டாமலே விட்ட முதலாளிகள் உண்டு. ஓய்வு பெறும் நாளில்தான் தெரியும். 2014-ல் யு.ஏ.என். என்று ஆளுக்கு ஒரே நிரந்தர எண் வந்தது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே எண். பாஸ்புக்கைப் போனிலேயே பார்க்கலாம், இந்த மாதம் கட்டவில்லை என்றால் இந்த மாதமே தெரிந்துவிடும். கம்பெனியின் பீரோவைத் தாண்டி, கணக்கு நேராகத் தொழிலாளி கைக்கு வந்தது.

அதே ஏற்பாடு வருகைப் பதிவுக்கு ஏன் இல்லை? 2017 பிப்ரவரியில் மத்திய அரசு, சம்பளம், ஒப்பந்தத் தொழிலாளர் உள்ளிட்ட 9 சட்டங்களின்கீழ் இருந்த 56 பதிவேடுகளை ஐந்தாகக் குறைத்தது. கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றது. முதலாளிகளுக்குத் தலைவலி குறைந்தது, நியாயம்தான். 56-ஐ எழுதுவதற்கென்றே ஓர் ஆளை வைத்திருந்தார்கள். ஆனால், அந்த ஐந்தில் தன் வரியைத் தொழிலாளி தன் போனில் தினமும் பார்க்கலாம் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும்? மெஷின் நம் விரலை வாங்கிக்கொள்கிறது. பதிலுக்கு ஒரு மெசேஜ் அனுப்ப அதற்கு அரை விநாடி போதும்.

விரல் என்றதும் ஞாபகம் வருகிறது. வெந்நீரில் ஊறும் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் கை, கிரானைட் பலகையைத் தேய்க்கும் கை. இரண்டும் தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கைகள். இப்படி உழைக்கும் கைகளில் ரேகை தேய்ந்துபோகும். மெஷின் 'மறுபடி வை, மறுபடி வை' என்று அடம்பிடிக்கும். முன்பு மஸ்டர் ரோலில் கைநாட்டு வைத்தால், ரேகை எவ்வளவு மங்கலாக இருந்தாலும் மை ஒட்டிவிடும். ஆள் வந்தார் என்பதற்கு அது போதும். இப்போது வேலை செய்து செய்து ரேகை தேய்ந்தவர்தான், வேலைக்கு வந்ததை நிரூபிக்க முடியாமல் கேட்டில் நிற்கிறார். பின்னால் க்யூ நீளுகிறது. சூப்பர்வைசர் 'நான் மேனுவலா போட்டுக்கறேன், உள்ளே போ' என்கிறார். போட்டாரா என்பது மாசக் கடைசியில் தெரியும்.

2025 நவம்பர் 21 அன்று, நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. அவற்றைப் பற்றி ஆதரவும் எதிர்ப்புமாக நிறையப் பேச்சு நடக்கிறது, அதற்குள் இந்தப் பக்கத்தில் இறங்க இடமில்லை. இரண்டு வரிகள் மட்டும் கவனிக்க வேண்டியவை. ஒன்று, வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். இன்னொன்று, சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். காகிதத்திலும் கொடுக்கலாம், மின்னணு வடிவிலும் கொடுக்கலாம். உங்கள் வீட்டிலிருந்து கம்பெனி பஸ் ஏறும் பிள்ளை யாராவது இருந்தால், இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள். அந்தக் கடிதம் வந்ததா? எதில் வந்தது? போன் தொலைந்தால் எங்கே போய் எடுப்பது?